‘போர்டு போச்சு’ என்பதற்கு முன்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, கதவிலேயே தண்ணீர் தரும் ஃபிரிட்ஜின் பொத்தான்கள் மக்கர் செய்தால் ‘போர்டு போச்சு’ என்று சொல்லிவிடுகிறோம். அது அவசரத் தீர்ப்பு. விளக்கு எரிந்தும் பொத்தான் கேட்கவில்லையா? சைல்டு லாக் விழுந்திருக்கலாம். அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் விடுபடும். கரண்ட் போய் வரும்போது கன்ட்ரோலர் திகைத்து நிற்பதும் உண்டு: பிளக்கைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டிப் பாருங்கள். தொடுபலகையில் ஈரம் படிந்தாலும் விரலை அது சரியாக உணராது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பலகையே இருண்டு கிடந்தால், கதவு திறக்கும்போதெல்லாம் மடங்கும் கீல் வயர் அறுந்திருக்கலாம்.

230 வோல்ட் சாதனத்தில் நாமே கை வைப்பதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் முதல் மூன்றுக்கும் ஸ்குரூடிரைவரே தேவையில்லை. மூடியைத் திறப்பது மெக்கானிக் வேலை. அவரையும் போர்டுக்கு விலை சொல்லுமுன் வயரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.