இயற்கை உரத்துக்கும் அளவு உண்டா?

திருநெல்வேலி சங்கர்நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட் பார்த்திருக்கிறீர்களா? அங்கே தரையெல்லாம் பச்சைப் பசேல் என்று புல்! நம் ஊர் வாய்க்கால் கரையில் தானாக முளைக்கிற அருகம்புல்லைக்கூட, உலகின் பல நாடுகளில் மைதானங்களுக்காகவே பார்த்துப் பார்த்து வளர்க்கிறார்கள்.

புல்லுக்கும் சாப்பாடு வேண்டும். ரசாயன உரத்துக்குப் பதில் சாண எருவோ மட்கிய குப்பையோ போடலாம். அப்படியானால், எவ்வளவு போடலாம்? "இயற்கைதானே, எவ்வளவு போட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

எருவில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வேர் பெரும்பாலும் உறிஞ்சுவது அதைத்தான். அது சாணத்திலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. நைட்ரேட் தண்ணீரில் எளிதில் கரையும். புல் தின்றது போக மிஞ்சியது, ஐப்பசி அடைமழையில் கரைந்து கிணற்றுக்கு இறங்கும், வாய்க்காலுக்கும் ஓடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண் துகளில் ஒட்டிக்கொண்டு, ஓடும் மழைநீரோடு போகும்.

பாளையங்கால்வாய் போன்ற வாய்க்கால்கள் தாமிரபரணித் தண்ணீரைக் குளங்களுக்குக் கொண்டுபோகின்றன. உரச்சத்தும் அங்கே போய்ச் சேர்ந்தால் பாசிக்கும் அமலைச்செடிக்கும் (ஆகாயத்தாமரை) கொண்டாட்டம்தான்! ஆனால் பாசி செத்து அழுகும்போது பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும்.

இதற்காகத்தான் பல நாடுகளில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நைட்ரேட் விதிப்படி, நீர் கெடக்கூடிய பகுதிகளில் பொதுவாக ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்து வரைதான் கால்நடை எரு மூலம் சேர்க்கலாம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பினெல்லஸ் மாவட்டத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது புல்தரைக்குத் தழைச்சத்து உரமோ மணிச்சத்து உரமோ போடக் கூடாது.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. 2006இல் இயற்கை உரங்களும் அதற்குள் வந்தன. நகரக் குப்பையில் செய்து விற்கிற உரத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. பழைய பேட்டரியை மட்கும் குப்பையோடு போடாதீர்கள் என்று சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இந்த ஆணை மூட்டைக்குள் இருக்கும் உரத்தின் தரத்தைத்தான் பார்க்கும். புல்தரையில் எவ்வளவு போடுவது என்பது நம் பொறுப்பு. நன்றாக மட்கிய எருவை மட்டும், அரை சென்டிமீட்டர் கனத்துக்குள் தூவுங்கள். கனமழை வரும்போது வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் சில அடி அகலத்துக்கு உரமே போடாமல் விடுங்கள். அங்கே வளரும் புல், வழிந்து வரும் சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

செய்து பாருங்கள்: இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் குளத்துத் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை மட்கிய எரு போடுங்கள். கொசு முட்டையிடாதபடி இரண்டின் வாயையும் மெல்லிய துணியால் கட்டி, வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு வாரம் தினமும் நிறத்தைக் குறித்துவாருங்கள். எது முதலில் பச்சையாகிறது? ஏன்? விடையை வகுப்பில் நீங்களே விளக்குங்கள். எருவையும் தண்ணீரையும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்!