சைதாப்பேட்டையில் தொடங்கிய உழவுப் பாடம்

உழவைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. திருக்குறளின் 104ஆம் அதிகாரம் முழுக்க உழவுதான். மண்ணை எவ்வளவு காயவிட வேண்டும் என்ற கணக்குவரை அதில் உண்டு. உழவைக் கற்றுத்தரத் தனிப் பள்ளி வந்தது 1868இல், சென்னை சைதாப்பேட்டையில். 1906இல் அது கோயம்புத்தூருக்குப் போனது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் (1971) வேர் அதுவே.

உழவரிடம் கற்காமல் உழவருக்குக் கற்பிக்க முடியாது. இதற்குக் கோவையின் நெல் ஆய்வே சான்று. 1921இல் வெளிவந்து புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 நெல் ரகம், கோனாமணி என்ற நாட்டு நெல்லிலிருந்து பொறுக்கி எடுத்தது. கோனாமணியைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் எந்த உழவுப் பள்ளிக்கும் போனவர்கள் அல்லர்.

அந்தக் கதையின் அடுத்த பக்கம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருவள்ளூர் அருகே திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜி.இ.பி. 24ஐயும் கோ 18ஐயும் இணைத்து டி.கே.எம். 6 உருவானது ('டி.கே.எம்.' என்பது திரூர்குப்பத்தின் சுருக்கம்). தண்டுத் துளைப்பானைத் தாங்கும் அதன் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கலப்புக்கு எடுத்துக்கொண்டது. நம் வயல்களில் பல ஆண்டுகள் விளைந்த ஐ.ஆர். 20 ரகத்துக்கு அதுவே ஒரு பெற்றோர்.

இதே மாவட்டத்தின் அத்திப்பட்டு என்றால் இப்போது அனல்மின் நிலையமும் கும்மிடிப்பூண்டி ரயிலும்தான் நினைவுக்கு வரும். ரயிலில் பொன்னேரிப் பக்கம் போனால், சன்னல் வழியே நெல்வயல்களையும் பாருங்கள்.