ஆந்தையைக் கண்டு அஞ்சலாமா?

அந்தி மயங்கும் நேரம். அவிநாசிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கிணற்றடியில் நிற்கிறீர்கள். வேப்ப மரத்திலிருந்து கரகரவென்று ஓர் இரைச்சல். "ஆந்தை அலறுது, ஆகாது" என்பார் வீட்டுப் பெரியவர். அஞ்ச வேண்டாம், அண்ணாந்து பாருங்கள். பொந்தின் வாயிலில் மைனா அளவே உள்ள பறவை ஒன்று, உங்களை உற்றுப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும். அதுதான் புள்ளி ஆந்தை. அந்த இரைச்சல் சாவுச் செய்தி அன்று. தன் இணையோடும் அண்டை ஆந்தைகளோடும் அது பேசும் பேச்சு.

தலையை ஏன் ஆட்டுகிறது? ஆந்தையின் கண்கள் குழியில் அசையாமல் பொருந்தியவை. நம்மைப் போல் விழியை உருட்ட அதனால் இயலாது. எனவே தலையை அசைத்தே தொலைவை மதிப்பிடுகிறது. நமக்குக் கழுத்தெலும்புகள் 7, ஆந்தைக்கு 14. அதனால் தலையை ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்ப முடிகிறது.

பழைய கட்டடங்களிலும் மரப்பொந்துகளிலும் வாழும் கூகை இன்னும் வியப்பானது. இதய வடிவ வெண்முகம் கொண்ட இதன் காதுத் துளைகளில் ஒன்று மேலேயும் மற்றொன்று சற்றுத் தாழ்ந்தும் உள்ளன. ஒலி இரு காதுகளையும் அடைவதில் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டே எலி இருக்கும் இடத்தை அது அறிகிறது. அமெரிக்க அறிஞர் ராஜர் பெய்ன் முழு இருட்டறையில் கூகை எலி பிடிப்பதைச் சோதித்து, 1971இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு காதை அடைத்தபோது அதன் குறி தவறியது!

எலி உழவரின் பகை. ஆகவே ஆந்தை உழவரின் நண்பன். மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூட்டுப் பெட்டிகளே வைக்கிறார்கள். நாமோ பொந்துள்ள மரங்களை வெட்டுகிறோம். எலிக்கு நஞ்சு வைக்கிறோம். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியக்கூடும். கொங்கு நாட்டில் ஆந்தை என்பது ஒரு குலத்தின் பெயராகவும் விளங்குவதை நினைத்தால், இப்பறவையை வெறுப்பது விந்தையே.

நீங்களும் ஆராயலாம். ஆந்தை தங்கும் மரத்தடியில் உருண்டைகள் கிடக்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் ஆந்தை கக்கியவை அவை. ஒன்றை நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்து, மண்டையோடுகளை எண்ணுங்கள். பின் கையைச் சோப்பினால் கழுவுங்கள். பொந்தில் கைவிடாதீர்கள், கண்ணில் டார்ச் அடிக்காதீர்கள். ஆந்தையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அடுத்த முறை யாரேனும் "ஆகாது" என்றால், நீங்கள் எண்ணிய மண்டையோடுகளை அவரிடம் காட்டுங்கள்.