முத்திரை போன வீட்டில் வாக்கு யாருக்கு? தோப்பூரிலிருந்து ஒரு பார்வை

2023 ஜூன் மாதம் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளியானபோது எங்கள் தெருவில் ஒரு மாமியின் பெயர் அதில் இருக்கவில்லை. கணவரை இழந்தவர். காலையில் இடியப்பம் அவித்து விற்பதுதான் வருமானம். பல வருடங்களாக சமுர்த்தி எடுத்தவர். "மகன், இவ்வளவு காலமும் முத்திரை எடுத்தன். இப்ப நான் பணக்காரி ஆகிட்டனாம்" என்று சொல்லிவிட்டு, கறன்ட் பில்லையும் அடையாள அட்டையையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு மேன்முறையீடு செய்யக் கிளம்பினார்.

மாமியைப் போன்றவர்கள் ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் அல்ல. அந்த வருடம் நாடு முழுவதும் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் வந்தன. இவ்வளவு குடும்பங்களின் மனக்குறை தேர்தலில் என்ன செய்யும்? இந்தக் கேள்வியை நமது அரசியல்வாதிகளும் நாமும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1995 இல் சந்திரிகா அரசாங்கம் சமுர்த்தியை ஆரம்பித்தது. யாருக்கு முத்திரை கிடைக்கும் என்பதில் ஊர் அரசியலுக்குப் பெரும் பங்கு இருந்தது. எம்.பி.யின் ஆள், கட்சி அமைப்பாளர், உத்தியோகத்தரின் தயவு என்று பல வாசல்கள் இருந்தன. தேவையில்லாத பலர் உள்ளே வந்தார்கள், தேவையுள்ள பலர் வெளியே நின்றார்கள். 2022 இல் நாடு வங்குரோத்தானது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் உதவித் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. உதவி வழங்கும் முறையைத் திருத்துவதும் அதோடு சேர்ந்து வந்தது. 2002 ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளியிட்டு, 2023 ஜூலை முதல் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. 20 இலட்சம் குடும்பங்களுக்கு நான்கு வகையாக மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று தொகை நிர்ணயிக்கப்பட்டது.

சமுர்த்தியில் வழக்கமாகக் கிடைத்த தொகையை விட இது அதிகம். மிக வறிய குடும்பத்துக்குப் பல மடங்கு அதிகம். அப்படியானால் இதைக் கொடுத்தவருக்கு வாக்கு குவிந்திருக்க வேண்டும். ஆனால் 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் ரணில் விக்கிரமசிங்க பெற்றது 17 வீதம் மட்டுமே.

இதற்கு மூன்று காரணங்களை நான் காண்கிறேன்.

ஒன்று, கிடைத்தது சீக்கிரம் பழகிவிடும், பறிபோனது மறக்காது. 15,000 ரூபாய் வந்தவர் அதை அரிசிக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் கொடுத்துவிட்டு, விலைவாசியைத்தான் ஏசினார். பெயர் வெட்டப்பட்டவரோ வெட்டிய அரசாங்கத்தை ஏசினார்.

இரண்டு, நன்றிக்கு ஒரு முகம் வேண்டும். முத்திரையை எடுத்துக் கொடுத்தவர் யார் என்று ஊருக்குத் தெரியும். அஸ்வெசும புள்ளிக் கணக்கில் வந்து வங்கிக் கணக்கில் விழுந்தது. கிடைத்தவர் "எனக்குத் தகுதி இருந்தது, கிடைத்தது" என்றார். கிடைக்காதவர் "அரசாங்கம் வெட்டிவிட்டது" என்றார். நன்றி யாருக்கும் போகவில்லை, கோபம் மட்டும் மேலே போனது.

மூன்று, பக்கத்து வீடு. தன் பெயர் இல்லாதது ஒரு கவலை என்றால், தன்னை விட வசதியானவரின் பெயர் இருப்பது அதைவிடப் பெரிய கவலை. எங்கள் ஊரில் நான் கேட்ட முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒப்பீட்டில்தான் ஆரம்பித்தன.

இந்த நாட்டுக்கு இது புதிதல்ல. 1953 இல் ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1956 தேர்தலில் ஐ.தே.க. 8 ஆசனங்களுக்குச் சுருங்கியது. 1966 இல் அதே டட்லியின் அரசாங்கம் அரிசிப் பங்கீட்டைப் பாதியாக்கியது. இழந்த கொத்தைத் திரும்பத் தருவதாகச் சொன்ன சிறிமாவோ 1970 இல் பெருவெற்றி பெற்றார்.

ஆனால் 1979 இல் ஜே.ஆர். ஜயவர்தன பங்கீட்டை நீக்கி உணவு முத்திரை கொடுத்தபோது ஆட்சி கவிழவில்லை. பிரதான போட்டியாளரான சிறிமாவோவின் குடியுரிமைகள் 1980 இல் பறிக்கப்பட்டன. 1982 இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக சர்வஜன வாக்கெடுப்பு வந்தது. கோபம் மட்டும் போதாது, தேர்தல் வர வேண்டும், மாற்றுத் தெரிவும் இருக்க வேண்டும் என்பது இதிலுள்ள பாடம். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அது 2025 மே மாதம்தான் நடந்தது.

நமது மாவட்டத்துக்கு வருவோம். 2024 செப்டம்பரில் திருகோணமலை மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் சஜித் பிரேமதாச. 54 நாட்கள் கழித்து நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி முதலிடத்துக்கு வந்து, நான்கு ஆசனங்களில் இரண்டை எடுத்தது. ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று.

இதற்கு அஸ்வெசும மட்டும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வென்ற ஜனாதிபதியின் பக்கம் சாய்வது நமது பழைய வழக்கம். முஸ்லிம் வாக்காளருக்குப் பாதுகாப்பு, காணி, ஜனாஸா எரிப்பின் வடு என்று வேறு கணக்குகளும் உண்டு. ஆனாலும் ஒரு உண்மை தெளிவாகிறது. ஏழையின் வாக்கை எம்.பி.யோடு கட்டிவைத்த கயிறுகளில் ஒன்று முத்திரைப் பட்டியல். அது அறுந்த பிறகு "நான் எடுத்துத் தந்தேன்" என்று சொல்ல நமது பிரதிநிதிகளிடம் அதிகம் மிஞ்சவில்லை. புதியவர்களுக்கும் இது எச்சரிக்கை. 2025 ஜனவரி முதல் 8,500 ரூபாய் 10,000 ஆகவும், 15,000 ரூபாய் 17,500 ஆகவும் கூட்டப்பட்டது. கூட்டியதால் மட்டும் வாக்கு நிற்காது. வெளியே நிற்கும் மாமிக்கு நியாயம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

இந்த மாற்றத்தில் எனக்கு நன்மையும் தெரிகிறது. ஏழைக்குரிய பங்கை இஸ்லாம் உபகாரமாகப் பார்ப்பதில்லை, உரிமையாகவே பார்க்கிறது. அரச உதவியும் அப்படித்தான். அது உரிமை என்றால், அதற்காக யாருக்கும் வாக்கைக் கடனாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமையைக் கேட்கத் தெரிய வேண்டும். படிவம் நிரப்பவும், ஆவணம் சேர்க்கவும், மேன்முறையீடு எழுதவும் தெரியாத குடும்பங்கள் நமது ஊர்களில் நிறைய உண்டு. முன்பு அவர்கள் கட்சிக்காரரைத் தேடிப் போனார்கள். இப்போது எங்கே போவார்கள்?

பள்ளிவாசல் நிர்வாகங்களும் படித்த இளைஞர்களும் இதைக் கையில் எடுக்கலாம். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணித்தியாலம், இரண்டு மடிக்கணினி, நான்கு இளைஞர்கள் போதும். பட்டியலில் விடுபட்டவர் யார் என்று மஹல்லாவுக்குத் தெரிந்தால் ஸகாத் பங்கீட்டுக்கும் அது உதவும்.

மாமி இன்றும் காலையில் இடியப்பம் அவிக்கிறார். அடுத்த தேர்தலில் அவரிடம் வாக்குக் கேட்டு வருபவர்கள், அவரது மேன்முறையீட்டுக்கு என்ன நடந்தது என்று முதலில் விசாரித்துவிட்டு வரட்டும்.