மனிதரை மறக்கப் பழகும் குள்ளப் பன்றிகள்

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புது தில்லி: வீட்டில் பன்றி வளர்ப்போர் முதலில் செய்வது, அதை மனிதரோடு பழக்குவதே. பெயர் சொல்லி அழைத்து, வந்ததும் ஒரு துண்டு கிழங்கு கொடுத்தால், சில நாள்களிலேயே குரலை அடையாளம் கண்டு ஓடிவரும். அத்தனை கூர்மையான அறிவுடைய விலங்கு அது. அஸ்ஸாமில் இதற்கு நேர்மாறான பயிற்சி ஒன்று பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. மனிதர் பராமரிப்பில் பிறந்த பன்றிகளுக்கு, மனிதரை நம்பாமல் வாழக் கற்றுத் தருகிறார்கள். ஓர் உயிரினத்தின் எதிர்காலமே அந்தப் பயிற்சியை நம்பி இருக்கிறது.

உலகின் மிகச் சிறிய பன்றியினமான குள்ளப் பன்றிதான் அது. உயரம் சுமார் 25 செ.மீ.; எடை 10 கிலோவைத் தாண்டுவது அரிது. இமயமலை அடிவாரத்து உயர்ந்த புல்வெளிகளே இதன் வாழ்விடம். அற்றுப்போய்விட்டது என்று கருதப்பட்ட இவ்வினம், 1971-ல் அஸ்ஸாமில் மீண்டும் கண்டறியப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் நிகராக இதற்கும் இடம் உண்டு.

ஆயினும் சட்டம் மட்டும் இதைக் காப்பாற்றவில்லை. 1995-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அஸ்ஸாம் வனத்துறை, ஜெர்சி தீவைச் சேர்ந்த டரெல் அறக்கட்டளை உள்ளிட்டவை கூடிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 1996-ல் மானஸ் தேசியப் பூங்காவில் பிடிக்கப்பட்ட ஆறு பன்றிகளைக் கொண்டு, குவாஹாட்டியை அடுத்த பசிஷ்டாவில் இனப்பெருக்கம் ஆரம்பமானது. எண்ணிக்கை பெருகியது. ஆனால், கூண்டில் பிறந்து, தட்டில் உணவு கண்ட விலங்கு காட்டில் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடை, நமேரி தேசியப் பூங்காவை ஒட்டிய பொதாசாலி முகாமில் உள்ளது. காட்டுக்குச் செல்லவிருக்கும் இளம் பன்றிகள் இங்கு சில மாதங்கள் தங்கவைக்கப்படுகின்றன. வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்தவற்றை ஒன்று சேர்த்துச் சிறு குழுக்களாக்குகிறார்கள். அவை மனிதரோடு அல்ல, தம் இனத்தோடு உறவாடப் பழக வேண்டும் என்பதே நோக்கம். இயற்கையான புல்வெளி போன்ற அடைப்புகளில், மண்ணைக் கிளறி இரை தேடவும், புல்லைச் சேர்த்துக் கூடு கட்டவும் அவை கற்கின்றன. பராமரிப்பாளர்கள் கூடுமானவரை கண்ணில் படுவதில்லை. கொஞ்சுவதும் கையால் ஊட்டுவதும் இங்கு அன்பாகாது. மனித வாடைக்கு அஞ்சாத பன்றி, காட்டில் வேட்டைக்காரனுக்கும் நாய்க்கும் எளிய இரையாகிவிடும்.

பயிற்சி முடிந்தவை, விடுவிக்கப்படும் இடத்தில் மின்வேலியிட்ட அடைப்பில் சில நாள்கள் இருந்து, பின்னர் காட்டுக்குள் செல்கின்றன. 2008-ல் சோனாய் ரூபாய் சரணாலயத்தில் 16 பன்றிகள் முதன்முதலாக விடப்பட்டன. தொடர்ந்து ஒராங், பர்னதி ஆகிய இடங்களிலும், 2020 முதல் மானஸிலும் விடப்பட்டன. மூதாதையர் பிடிக்கப்பட்ட காட்டுக்கே சந்ததி திரும்பியது.

நாடாளுமன்றத்தில் பன்றியைப் பற்றிய பேச்சு எழுவதெல்லாம் பெரும்பாலும் பயிர்ச்சேதத்தின்போதுதான். காட்டுப்பன்றியைத் தீங்குயிரியாக அறிவிக்குமாறு கேரள உறுப்பினர்கள் பலமுறை கோரியுள்ளனர். 2015, 2016-ம் ஆண்டுகளில் பிகார், உத்தரகண்ட் மாநிலங்களின் சில மாவட்டங்களுக்கு அவ்வாறு அறிவிக்கவும் பட்டது. விவசாயியின் துயரம் உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், வயலை நெருங்காத இச்சிறு பன்றிக்காகக் குரல் எழுப்பத் தொகுதியும் இல்லை, வாக்காளரும் இல்லை.

இதற்கிடையே புதிய ஆபத்து ஒன்றும் வந்து சேர்ந்துள்ளது. 2020-ல் அஸ்ஸாமில் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை கிடையாது. கிராமத்து வளர்ப்புப் பன்றிகளிடமிருந்து அது புல்வெளிக்குள் நுழைந்தால், முப்பதாண்டு உழைப்பு சில வாரங்களில் வீணாகலாம். வறண்ட பருவத்தில் புல்வெளிக்கு வைக்கப்படும் தீயும், மேய்ச்சலும், ஆக்கிரமிப்பும் மற்ற அச்சுறுத்தல்கள்.

எனவே, மனிதரை மறக்கப் பன்றிக்குக் கற்றுத் தந்தால் மட்டும் போதாது. புல்வெளியைப் பயனற்ற தரிசாகக் காணும் பழக்கத்தை அரசும் மறந்தாக வேண்டும். பண்ணைப் பன்றிகளின் நோய்த் தடுப்பைக் கால்நடைத் துறையும், காட்டுப் பன்றிகளின் பாதுகாப்பை வனத்துறையும் தனித்தனியே கவனிக்கும் நிலையும் மாற வேண்டும். பன்றிகள் தம் பாடத்தைக் கற்றுவிட்டன. இனிக் கற்க வேண்டியவர்கள் நாம்தான்.