மின்கட்டணம் நிர்ணயிக்கும் மூவர்

இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வருகிற ஊழியர் கணக்கெடுத்துவிட்டுப் போனபின், கட்டவேண்டிய தொகையைக் கண்டு திடுக்கிடும் குடும்பத்தலைவர், முதலில் அந்த ஊழியரையும், பிறகு மின்வாரியத்தையும், அதன்பின் மந்திரியையும் வாய்க்கு வந்தபடி நொந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால், யூனிட்டுக்கு இவ்வளவு என்று தீர்மானிக்கும் சட்டபூர்வமான அதிகாரம் இவர்களில் எவருக்கும் இல்லை என்பதையும், சென்னை கிண்டியில் இயங்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்ற ஸ்தாபனத்தில், தலைவரையும் சேர்த்து மூவருக்கு மேற்படாத ஒரு சிறு குழுவிடம் அது ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் சொற்பம். அந்த மூவர் யார், எந்தத் தொழிலில் தலை நரைத்தவர்கள், இப்பதவிக்கு வருமுன் யாரிடம் சம்பளம் வாங்கியவர்கள் என்று விசாரித்தவர்களோ அதனினும் சொற்பம். இந்த விசாரணையை ஊர்வம்பு என்று ஒதுக்குவோரும் உண்டு. அது பில் கட்டுகிற ஒவ்வொரு பிரஜையின் பாத்தியதை என்பதே என் அபிப்பிராயம்.

1998-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்கீழ் 1999 மார்ச்சில் அமைக்கப்பட்டு, இப்போது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் இயங்கும் இவ்வாணையத்துக்குக் கட்டணம் நிர்ணயிப்பது மட்டுமே காரியம் அன்று. மின் உற்பத்தி நிலையங்களுக்கும் விநியோகம் செய்பவர்களுக்கும் மூளும் வழக்குகளைத் தீர்ப்பதும், மின்துறை விஷயங்களில் மாநில அரசுக்கு ஆலோசனை கூறுவதும் அதன் கடமைகளே. ஆகவே இதன் அங்கத்தினர்கள் ஆற்றலும் நேர்மையும் உள்ளவர்களாக மட்டுமின்றி, பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், நிர்வாகம் ஆகிய துறைகளின் பிரச்சினைகளைக் கையாண்டு திறமை காட்டியவர்களாகவும் இருக்கவேண்டும் என்று அச்சட்டத்தின் 84-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆறு துறைகள், மூன்று நாற்காலிகள்; இந்தக் கணக்கில்தான் சங்கடமே தொடங்குகிறது.

கட்டணத்தை உயர்த்தித் தரவேண்டும் என்று மின் பகிர்மானக் கழகம் கொடுக்கும் மனுவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கம்பியில் வரும் வழியிலேயே இவ்வளவு சதவீதம் மின்சாரம் வீணாகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதில் எவ்வளவு கம்பியின் குற்றம், எவ்வளவு திருட்டு, எவ்வளவு ஓடாத மீட்டர் என்று பிரித்தறியப் பொறியாளரின் கண் வேண்டும். கடனுக்கு வட்டி இவ்வளவு என்ற அடுத்த வரியைப் படித்து, அந்தக் கடன் மின்நிலையம் கட்ட வாங்கியதா, பழைய நஷ்டத்தை அடைக்க வாங்கியதா என்று கேட்க நிதி அறிந்தவர் வேண்டும். தனியார் நிலையத்திடம் ஒரு யூனிட்கூட வாங்காத மாதத்திலும் நிலையான கட்டணம் என்று ஒரு தொகை கொடுத்தாக வேண்டியிருப்பது ஏன் என்று ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்கவோ சட்ட ஞானம் வேண்டும். மூவருமே ஒரே இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்களாக அமைந்துவிட்டால், ஒரு கேள்வி மிகவும் கூர்மையாகவும் மற்றவை கேட்கப்படாமலும் போகலாம்; கேட்கப்படாத கேள்வியின் விலை நம் பில்லில் ஏறும்.

சட்டம் படித்தவர் ஒருவராவது இருந்தே தீரவேண்டுமா என்ற விவாதம் வெகுகாலம் நடந்தது. பிள்ளைப்பெருமாள்நல்லூர் மின்நிலையத்துக்கும் தமிழக மின் கழகத்துக்கும் நடந்த வழக்கில், வழக்குகளைத் தீர்க்கும் ஆணையம் ஏறக்குறைய ஒரு நீதிமன்றத்தின் லட்சணங்களையே கொண்டிருக்கிறது என்று 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், குஜராத் சம்பந்தப்பட்ட மற்றொரு வழக்கில் 2018 ஏப்ரலில் இதைத் திட்டவட்டமாகவே தீர்த்துவைத்தது: தலைவர் நீதிபதியாகத்தான் இருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை, ஆனால் அங்கத்தினர்களில் ஒருவரேனும் நீதித்துறையிலோ வக்கீல் தொழிலிலோ பழகியவராக இருப்பது கட்டாயம்.

இந்தத் தீர்ப்பு நம் வீட்டுக் கதவையே வந்து தட்டியது 2022-ஆம் ஆண்டில். கட்டண உயர்வு மனுக்களின்மீது கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது ஆணையத்தின் சட்ட அங்கத்தினர் நாற்காலி காலியாக இருந்தது. நூற்பாலைகளின் சங்கம் ஒன்று இதைச் சுட்டிக்காட்டித் தொடுத்த வழக்கில், அந்த நியமனம் ஆகும்வரை இறுதி உத்தரவு பிறப்பிக்கலாகாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி தடுத்தார். சில தினங்களுக்குள் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தடையை நீக்கிற்று. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் அமலுக்கு வந்துவிட்டது. ஓர் இடம் காலி என்ற ஒரே காரணத்தால் ஆணையத்தின் காரியம் செல்லாது போகாது என்று சட்டத்தின் 93-ஆம் பிரிவு கூறுகிறது. சட்டப்படி அது சரியே. எனினும், எந்த நாற்காலி இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதோ அந்த நாற்காலி வெறுமையாக இருக்கையில் கோடிக்கணக்கான பேரின் கட்டணம் நிர்ணயமாயிற்று என்பதை மனம் அவ்வளவு லேசாக ஏற்பதில்லை.

இனி, பாரபட்சம் என்னும் அபாயத்துக்கு வருவோம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி, மாநிலத் தலைமைச் செயலாளர், மத்திய மின்சார ஆணையத்தின் அல்லது மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் ஆகிய மூவர் அடங்கிய தேர்வுக் குழு ஒவ்வொரு காலியிடத்துக்கும் இரண்டு பெயர்களைச் சிபாரிசு செய்கிறது. அவ்வாறு செய்யுமுன், கடமையைக் கெடுக்கக்கூடிய பண சம்பந்தமோ வேறு சம்பந்தமோ அந்நபருக்கு இல்லையென்று அது திருப்தியடைய வேண்டும். பதவிக்காலம் 5 ஆண்டு, வயது வரம்பு 65, அதே பதவியில் மறு நியமனம் கிடையாது, பதவியில் இருக்கும்போது வேறு உத்தியோகமும் கூடாது. பதவி நீங்கிய 2 ஆண்டுகளுக்கு மின்தொழிலைச் சார்ந்த நிறுவனம் எதிலும் வேலையோ ஆலோசகர் பதவியோ ஏற்கலாகாது. தமிழக அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயது 60 என்பதையும் இந்த 65-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள்; நடுவில் சரியாக 5 ஆண்டு நிற்கிறது! அந்த இடைவெளி யாருக்குத் தைத்த சட்டை என்று நான் சொல்லவேண்டியதில்லை. அனுபவசாலிகளான அதிகாரிகள் வருவதை நான் குறை கூறவில்லை. மின்வாரியத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த பொறியாளரால்தான் அதன் கணக்கில் மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க முடியும். அதே பொறியாளருக்குத்தான் தம் பழைய சகாக்களின் சிரமமும் பில் கட்டுகிறவரின் சிரமத்தைக் காட்டிலும் சுலபமாகப் புரியும். ஒரே குணம் லாபமுமாகி நஷ்டமுமாவதால், அவருடைய பூர்வ உத்தியோகம் பகிரங்கமாகத் தெரிந்திருப்பது ஒன்றே நமக்குக் காப்பு.

ஆணையத்துக்கு யோசனை சொல்ல 21 பேருக்கு மேற்படாத மாநில ஆலோசனைக் குழு ஒன்றும் உண்டு. வணிகம், தொழில், போக்குவரத்து, விவசாயம், தொழிலாளர், நுகர்வோர், தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அதில் இடம்பெற வேண்டும். நுகர்வோரின் பெயரால் அங்கே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் கடைசியாக எப்போது வாய் திறந்தார் என்று உங்கள் ஊர் நுகர்வோர் சங்கத்தார் ஒருமுறையேனும் விசாரிப்பது நல்லது.

விசாரிப்பதற்கு வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, அங்கத்தினர்களின் கல்வி, முந்தைய பதவிகள், நியமன ஆணை, ஆலோசனைக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். சட்டம் கோரும் தகுதியே இல்லாத ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தால், எந்த உரிமையால் இப்பதவியை வகிக்கிறீர் என்று கேட்கும் தகுதிமுறை வினவும் நீதிப்பேராணையை உயர் நீதிமன்றத்தில் கோரலாம். இவரைவிடச் சிறந்தவர் இருந்தாரே என்ற வாதம் அங்கே எடுபடாது. சட்டத்தின் தகுதி உண்டா இல்லையா என்பதொன்றையே நீதிமன்றம் பார்க்கும்.

கட்டண மனு வெளியிடப்படும்போது எழுத்துமூலம் ஆக்ஷேபம் தெரிவிக்க எவருக்கும் உரிமை உண்டு. வந்த ஆக்ஷேபங்களையெல்லாம் பரிசீலித்த பிறகே, மனு கிடைத்த 120 நாட்களுக்குள் ஆணையம் உத்தரவிட வேண்டும். கட்டணம் அதிகம், ஏழைகள் பாவம் என்று எழுதுவதால் பயன் சொற்பம். மனுவின் இன்ன பக்கத்தில் இன்ன செலவுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதிய அரைப்பக்கக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. உத்தரவால் பாதிக்கப்பட்டவர் 45 நாட்களுக்குள் டில்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கே ஒவ்வோர் அமர்விலும் ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு தொழில்நுட்ப உறுப்பினரும் இருந்தாக வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. கீழே வழக்காடிப் பெறவேண்டியிருந்தது மேலே கேளாமலே கிடைக்கிறது.

தனிப்பட்ட பில் தகராறுகளை நேரே ஆணையத்துக்கு எழுதிக் காலத்தை வீணாக்குவோர் அநேகர். அவற்றுக்குரிய இடம் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமே என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கூறிவிட்டது. மின்பகிர்மான வட்டந்தோறும் இம்மன்றம் உண்டு. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. ஆனால் இங்கும் நம் பழைய கேள்வி முளைக்கிறது: மன்றத்துக்குத் தலைமை வகிப்பவர் அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். யார்மீது புகாரோ அவர் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து நடப்பதுபோலத் தோன்றினால், மன்றத்தின் உத்தரவை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆணையத்தால் நியமிக்கப்பெற்ற, மின் கழகத்தின் ஊழியரல்லாத மின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்கிடையில் பணம் கட்டவில்லையென்று இணைப்பைத் துண்டிக்க வருவார்களாயின், 15 முழு நாட்கள் அவகாசம் தரும் எழுத்துமூலமான நோட்டீஸ் எங்கே என்று கேளுங்கள். அது இல்லாமல் ஃபியூஸ் கட்டையைக் கழற்ற அவர்களுக்கு அதிகாரம் இல்லை.