நன்னீர் அலங்கார மீன்களின் பொதுவான நோய்கள்

நன்னீர் அலங்கார மீன்களின் நோய்கள் என்பவை கண்ணாடித் தொட்டிகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் வளர்க்கப்படும் தங்கமீன், கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர், கோய் கெண்டை போன்ற மீன்களுக்கு ஒட்டுண்ணி, பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் ஆகியவற்றால் வரும் நோய்களாகும். நீரின் சீர்கேட்டால் ஏற்படும் பாதிப்புகளும் இவற்றோடு சேர்த்தே பேசப்படுகின்றன. இவற்றுள் பலவற்றைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் குணப்படுத்திவிடலாம். வீட்டுத் தொட்டிகளில் மீன்கள் இறப்பதற்கு நோய் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. ஒரு நோயை இன்னொன்றாக நினைத்துக் கொடுக்கும் மருந்தும் பல நேரங்களில் காரணமாகிறது. வெண்புள்ளி நோய்க்கு நீரைச் சூடாக்குவது நல்ல வழி. அதே சூடு, வெள்ளையாகவே தெரியும் வேறொரு பாக்டீரியா நோயில் ஓரிரு நாளில் தொட்டியைக் காலி செய்துவிடக்கூடும்.

நோயா, நீரா?

மீன் சோர்ந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மீனை அல்ல, நீரை. தொட்டியிலுள்ள எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடினால், அது பெரும்பாலும் நீரின் கோளாறு. ஒரு மீனிடம் தொடங்கி, சில நாட்களில் மற்றவற்றுக்குப் பரவினால் அது தொற்றுநோயாக இருக்கலாம். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. எனினும் மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் நினைத்துப் பார்க்கத் தக்கது.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விட்டு, இரண்டாவது வாரத்தில் அவை ஒவ்வொன்றாக இறப்பதைப் பார்ப்பவர்கள் ஏராளம். அங்கே நோய் எதுவும் இருக்காது. அம்மோனியா செவுள்களை எரிக்கிறது. நைட்ரைட் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைப்பதால் செவுள்கள் பழுப்பாகத் தெரியும். வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். ஆகவே கோடையில், காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் இந்த ஆபத்து அதிகம்.

குழாய் நீரிலுள்ள குளோரினும் செவுள்களைப் புண்ணாக்கும். அந்நீரைத் திறந்த வாளியில் காற்றுக்குழாய் போட்டு ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் வெளியேறும். அல்லது சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலைச் சேர்க்கலாம். நீர் காரணமாயின் செய்ய வேண்டியது எளிது: கால் பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றுதல், தீவனத்தை ஓரிரு நாள் நிறுத்துதல், காற்றூட்டத்தைக் கூட்டுதல். நைட்ரைட் அதிகமெனில் சிறிதளவு உப்பும் உதவும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உடலுக்குள் நுழைவதைத் தடுக்கிறது.

வெள்ளையாகத் தெரியும் மூன்று நோய்கள்

வெண்புள்ளி நோய், பூஞ்சை நோய், காலம்னாரிஸ் ஆகிய மூன்றும் மீனின் மேல் வெள்ளையாகவே தோன்றுகின்றன. இவற்றைப் பிரித்தறிவதே மீன் வளர்ப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் எனலாம்.

வெண்புள்ளி நோயில், உப்புத் தூளைத் தூவியது போன்ற தனித்தனிப் புள்ளிகள் துடுப்பிலும் உடலிலும் தெரியும். மீன் கல்லிலும் குழாயிலும் உடலைத் தேய்த்துக்கொள்ளும். இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி இதற்குக் காரணம். புள்ளியாகத் தெரிவது தோலுக்கு அடியில் வளரும் ஒட்டுண்ணி. அது முதிர்ந்ததும் மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு, சில நூறு முதல் ஆயிரம் குஞ்சுகளாகப் பிரிகிறது. வெதுவெதுப்பான நீரில் இக்குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் இறந்துவிடும். மருந்து கொல்வது நீந்தித் திரியும் இந்தக் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதையோ கூட்டுக்குள் இருப்பதையோ அது தொடுவதில்லை.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். மருந்திட்ட மூன்றாம் நாள் புள்ளிகள் மறைகின்றன. நோய் தீர்ந்தது என்று மருந்தை நிறுத்துகிறார்கள். உண்மையில் புள்ளிகள் மறைவது ஒட்டுண்ணி கீழே இறங்கிப் பெருகுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் முன்னைவிடப் பல மடங்கு புள்ளிகளோடு நோய் திரும்பும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் மருத்துவம் தொடர வேண்டும். 25 டிகிரி செல்சியஸ் அளவில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிகிறது. குளிர்ந்த நீரில் பல வாரங்கள் நீள்கிறது. நீரைச் சிறிது சிறிதாக 30 டிகிரிக்கு உயர்த்தினால் சுழற்சி வேகமாவதோடு ஒட்டுண்ணியின் பெருக்கமும் தடைபடும். கூடவே லிட்டருக்கு 2 கிராம் வரை கல் உப்பை ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று தவணைகளாகச் சேர்க்கலாம். நாள்தோறும் அடிமண்ணை உறிஞ்சி நீர் மாற்றினால் கூடுகளும் வெளியேறும். வெப்பம் உயர்ந்தால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றூட்டத்தைக் கூட்டுவது கட்டாயம். சென்னை போன்ற ஊர்களில் மே மாதத்துத் தொட்டி நீர் தானாகவே 30 டிகிரியைத் தொட்டுவிடும். இந்நோய்க்கு வாய்ப்பு மிகுவது மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும்தான்.

புள்ளி என்றதும் எல்லாம் நோயல்ல. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் விளிம்பிலும் ஒழுங்காக அமைந்த வெண்ணிற மணிகள் தோன்றும். அவை வேறெங்கும் பரவா. மீனும் சுறுசுறுப்பாகவே இருக்கும்.

பூஞ்சை நோயில் தெரிவது புள்ளி அல்ல, பஞ்சு. சாப்ரோலெக்னியா வகை நீர்ப்பூஞ்சைகள் நலமான தோலில் எளிதில் பிடிப்பதில்லை. வலை கிழித்த காயம், மற்ற மீன் கடித்த இடம், கருவுறாத முட்டை ஆகியவற்றில் வளர்கின்றன. பஞ்சு நீரில் இழையிழையாக நீண்டு அசையும். காயத்துக்குக் காரணமானதை நீக்குதலும், மீனைத் தனியே எடுத்து உப்பு நீரிலோ மெத்திலீன் நீலக் கரைசலிலோ வைத்தலும் போதுமானவை. மெத்திலீன் நீலம் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்களையும் பாதிக்கும் என்பதால் அதை முதன்மைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

மூன்றாவதான காலம்னாரிஸ்தான் ஆளை ஏமாற்றுவது. இது பூஞ்சை போலத் தோன்றினாலும் ஃபிளேவோபாக்டீரியம் காலம்னாரே என்னும் பாக்டீரியாவால் வருவது. வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போலவோ, முதுகுத் துடுப்பின் இருபுறமும் சேணம் போட்டது போன்ற சாம்பல் வெள்ளைப் பட்டையாகவோ தெரியும். பூஞ்சையைப் போல நீண்ட இழைகள் இரா. படிவு தட்டையாகவும் ஓரங்களில் சற்றுச் சிவந்தும் இருக்கும். கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களை அதிகம் தாக்குகிறது. வேகமும் வேறு: பூஞ்சை நாட்கணக்கில் வளரும், காலம்னாரிஸ் மணிக்கணக்கில் பரவும். இப்பாக்டீரியா வெதுவெதுப்பான நீரில் செழிப்பதால், வெண்புள்ளி நோய் என்று எண்ணிச் சூடாக்கியைத் திருகினால் நோய்க்கே துணை போவதாகும். இயன்றால் வெப்பத்தை 24 டிகிரி அளவுக்கு மெல்லக் குறைத்து, நெரிசலைத் தவிர்த்து, லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்புச் சேர்க்க வேண்டும். தோலின் மேல் மட்டும் நோய் இருக்கையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் பயன்படும். உள்ளுறுப்புகளுக்குப் பரவிவிட்டால் மீன் மருத்துவம் அறிந்தவர் தரும் ஆன்டிபயாடிக் கலந்த தீவனமே வழி. தீவனம் எடுக்காத நிலைக்குப் போய்விட்ட மீனைக் காப்பாற்றுவது அரிது.

இவற்றோடு குழப்பக்கூடிய இன்னொன்று வெல்வெட் நோய். இதன் துகள்கள் வெண்புள்ளியைவிட மிகச் சிறியவை. பொன் தூசி போலிருக்கும். இருட்டில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் மின்னும். ஃபைட்டர் மீனில் அடிக்கடி காணப்படுவது. இவ்வொட்டுண்ணி ஓரளவு ஒளியைக் கொண்டும் வாழ்வதால், மருத்துவத்தோடு தொட்டியை மூடி இருட்டாக்குவதும் வழக்கம்.

கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணிகள்

மீன் பேனும் நங்கூரப் புழுவும் பெரும்பாலும் வெளித் தொட்டிகளிலும் குளங்களிலும் வளர்த்த தங்கமீன், கோய் கெண்டைகளோடு வந்து சேர்கின்றன. பேன் தட்டையான, ஒளி ஊடுருவும் வட்டு. கூர்ந்து பார்த்தால் ஊர்வது தெரியும். நங்கூரப் புழு செதிளுக்கு இடையே குத்தி நிற்கும் நூல் துண்டு போலிருக்கும். இரண்டையும் ஈரத்துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் அகற்றலாம். நங்கூரப் புழுவை வேரோடு, அதாவது சதைக்குள் புதைந்த தலையோடு இழுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் அந்த இடம் புண்ணாகும். கையால் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. பேன் கண்ணாடியிலும் கல்லிலும் வரிசையாக முட்டையிடும். நங்கூரப் புழுவின் குஞ்சுகள் நீரில் இருக்கும். தோலுரித்து வளர்வதைத் தடுக்கும் டைஃப்ளூபென்சுரான் போன்ற மருந்தைச் சில வார இடைவெளியில் திரும்பக் கொடுத்தால்தான் அடுத்த தலைமுறை நிற்கும்.

செவுள் தட்டைப்புழுக்களைக் கண்ணால் காண முடியாது. மீன் ஒரு பக்கச் செவுளை மூடியபடி வேகமாக மூச்சுவிடுதல், உடலைத் தேய்த்தல், தோலில் சளி மிகுதல் ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்கலாம். உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும். பிராசிகுவான்டல் இதற்கேற்ற மருந்து. முட்டைகளை அது கொல்லாததால் இதையும் மறுமுறை கொடுக்க நேரும்.

துடுப்பு அழுகலும் வயிறு வீக்கமும்

துடுப்பின் ஓரம் வெளுத்து, கிழிந்து, உள்நோக்கித் தேய்ந்துகொண்டே வருவது துடுப்பு அழுகல். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எந்தத் தொட்டியிலும் இருப்பவை. நீர் கெட்டு மீன் தளரும்போதுதான் நோயாகின்றன. தொடக்க நிலையில் தூய நீரும் சிறிது உப்புமே போதும். அடிப்பகுதி வரை அழுகாத துடுப்பு மீண்டும் வளரும். மற்ற மீன் கடித்த துடுப்பில் ஓரம் வெளுத்திருக்காது, கடித்த வடிவம் தெரியும். அங்கே மருந்து வேண்டியதில்லை, கடிக்கும் மீனைப் பிரித்தால் போதும்.

வயிறு வீங்கிய மீனை மேலிருந்து பார்க்க வேண்டும். செதிள்கள் சிலிர்த்து ஊசியிலை மரக்காய் போலத் தெரிந்தால் அது நீர்க்கோவை. சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் தேங்கிவிட்டது என்று பொருள். இந்நிலையில் பிழைக்கும் மீன்கள் குறைவு. செதிள் படிந்து வயிறு மட்டும் பருத்திருந்தால் முட்டையாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம். உருண்டை உடல் கொண்ட தங்கமீன்கள் தலைகீழாக மிதப்பதற்கும் தீவனமே பல நேரங்களில் காரணம். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டுப் பின் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி கொடுத்துப் பார்க்கலாம்.

மருந்திடும் முன்

மருந்தின் அளவு தொட்டி நீரின் அளவைப் பொறுத்தது. நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60, 30, 30 அளவுள்ள தொட்டி 54 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நீர்தான் இருக்கும். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 90 கிராம் உப்பு. கைப்பிடி அளவு, சொட்டு அளவு என்பவை நம்பத் தகுந்தவை அல்ல. மருந்திடும்போது வடிகட்டியில் கரித்தூள் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அது மருந்தை உறிஞ்சிவிடும்.

உப்பு ஏன் இத்தனை நோய்களுக்கு உதவுகிறது? நன்னீர் மீனின் உடல் நீர்மம் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்தது. அதனால் நீர் ஓயாமல் உள்ளே கசிகிறது. சிறுநீரகம் அதை இறைத்துக்கொண்டே இருக்கிறது. தோல் புண்ணானால் கசிவு மிகும். நீரில் சிறிது உப்பிருந்தால் அந்தச் சுமை குறைகிறது. ஆயினும் லோச், கெளுத்தி வகைகளும் டெட்ராக்களும் உப்பையும் மாலகைட் பச்சையையும் தாங்குவது குறைவு. மாலகைட் பச்சை மனிதருக்கும் தீங்கானது. உணவு மீன்களில் பயன்படுத்தக் கூடாதது. வெறுங்கையால் தொடக் கூடாது.

டெட்ராசைக்ளின் காப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கடின நீரிலுள்ள கால்சியத்தோடு இம்மருந்து பிணைந்து வலுவிழக்கிறது என்பதால், ஆழ்துளைக் கிணற்று நீரில் இதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. வடிகட்டிப் பாக்டீரியாக்கள் பாதிக்கப்படலாம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களும் பெருகலாம். தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும் மாதவரம் வளாகத்திலும் மீன் நோய் வல்லுநர்கள் உள்ளனர். நோயுற்ற, இன்னும் உயிருள்ள மீனைக் கொண்டு நோயைக் கண்டறிவதே எளிது. இறந்து பல மணி நேரமான மீன் ஆய்வுக்கு உதவுவதில்லை.

புதிய மீன்களைத் தனியே வைத்தல்

சென்னை கொளத்தூரிலிருந்தோ வேறு சந்தையிலிருந்தோ வரும் மீன், பண்ணை, மொத்த வியாபாரி, கடை எனப் பல தொட்டிகளைக் கடந்தே வீடு வந்து சேருகிறது. புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது எந்த மருந்தையும்விட மேல். அதற்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒரு பஞ்சு வடிகட்டி, மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போதும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வலையும் உறிஞ்சுகுழாயும் தனியாக இருக்க வேண்டும். பலர் தொட்டியைப் பிரித்துவிட்டு வலையைப் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். நோயுற்ற மீனை ஏரியிலோ குளத்திலோ விடுவது அங்குள்ள மீன்களுக்கு நோயைக் கொண்டு சேர்ப்பதாகும். இறந்த மீனைப் புதைத்துவிடலாம்.

மனிதருக்குத் தொற்றுமா?

மேற்கண்ட ஒட்டுண்ணிகள் மனிதரைத் தாக்குவதில்லை. மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் பாக்டீரியா கவனத்துக்குரியது. இது மீன்களில் மெலிவையும் ஆறாப் புண்ணையும் உண்டாக்கும். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டியைக் கழுவுபவருக்கு விரலிலோ புறங்கையிலோ சில வாரங்கள் கழித்து மெல்ல வளரும் சிவந்த கட்டி தோன்றலாம். சாதாரணக் களிம்புகளுக்கு இது ஆறாது. மருத்துவரிடம் செல்லும்போது வீட்டில் மீன் தொட்டி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் காரணம் பிடிபட மாதக்கணக்காகலாம்.